ஏழாம் வகுப்பு வேலை ஆர்வக் கணிப்பு: மவுஸைப் பிடிச்சது யாரு?

குறிஞ்சி:
நேத்து வேற இழையில கணக்குப்பிள்ளை சார் எழுதினது: "அமெரிக்கப் பள்ளிகளில் மிடில் ஸ்கூலிலேயே கல்லூரிக்கும் வேலைக்கும் ஆயத்தம் செய்கிறார்கள். என் மகள் வகுப்பில் பார்வையற்ற பையனும், எந்த வேலையில் ஆர்வம் என்று கேட்கும் அதே ஆன்லைன் கணிப்பை முடித்தான். அணுகல் அணுகல் என்று புலம்புகிறவர்கள் கொஞ்சம் நன்றியோடு இருக்கலாம்."

படிச்சதிலிருந்து தூக்கம் வரல. என் பையனும் ஏழாவதுதான், பிறவியிலேயே பார்வை இல்ல. அவனும் இப்படி ஒண்ணை "முடிச்சான்". திரை முழுக்கப் பட அட்டை. ஒவ்வொண்ணையும் இழுத்து "பிடிக்கும்", "பிடிக்காது" பெட்டியில போடணும். திரையைப் படிச்சுச் சொல்ற என்விடிஏ மென்பொருள் "கிராஃபிக், கிராஃபிக்"னு சொல்லிக்கிட்டே போகுது. கீபோர்டுக்கு ஒண்ணும் அசையல. பக்கத்துல இருந்த எய்ட் (வகுப்பு உதவியாளர்) படத்தை வாயால சொல்லி, பதில் கேட்டு, அவங்களே இழுத்துப் போட்டாங்க. ஒரு அட்டை "மீன் தொட்டி முன்னாடி நிக்கிற பொண்ணு". பிடிக்காதுன்னுட்டான். அப்புறம் நான் உக்காந்து பார்த்தா அது கடல் உயிரியல்! வெல்டிங் அட்டையை "உனக்குச் சரிப்படாது"ன்னு தாண்டியே போயிட்டாங்க. ரிசல்ட்: இசை, கால் சென்டர். வீட்டுல ஒரு ரேடியோ விடாமப் பிரிச்சுப் போடுற பய இவன்.

சொல்லுங்க சார், மவுஸைப் பிடிச்சது யாரு?

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சிவசப்பட வேண்டாம் மேடம். மவுஸ் யார் கையில் இருந்தது என்பது ஒரு விஷயமே அல்ல. பதில் பையனுடையது. தேர்வில் மாணவன் சொல்லச் சொல்ல ஸ்கிரைப் எழுதினால் மதிப்பெண் ஸ்கிரைபுக்கா போகிறது?

வெட்டிப்பேச்சு:
அடுத்த தேர்தல்ல உங்க ஓட்டை நான் போடுறேன் சார். மனசு உங்களுது, விரல் என்னுது.

குறிஞ்சி:
ஸ்கிரைப் சொன்னதைத்தான் எழுதணும். "இந்தக் கேள்வி உனக்கு வேண்டாம்"னு தாண்டினா அதுக்குப் பேரு ஸ்கிரைபா? கேட்டதுக்குப் பதில் இல்ல. மவுஸைப் பிடிச்சது யாரு?

பழைய வாத்தியார்:
சட்டம் தெரியாம ரெண்டு பேரும் கத்துறீங்க. ஐடிஇஏ, அதாவது இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான அமெரிக்கக் கல்விச் சட்டப்படி, பிள்ளைக்கு 16 வயசு ஆகும்போது அமலில் இருக்கிற ஐஇபியில (அந்தப் பிள்ளைக்குன்னு போடுற தனிக் கல்வித் திட்டம்) மாறுதல் திட்டம், அதாவது பள்ளிக்கு அப்புறம் படிப்பு, வேலைக்கான ஆயத்தம், இருந்தாப் போதும். 1997 திருத்தத்துல 14-னு இருந்ததை 2004-ல 16 ஆக்கிட்டாங்க. 12 வயசுப் பையனுக்கு வேலைத் திட்டம் போட வேண்டிய கடமை பள்ளிக்கு இல்ல. நான் ஸ்பெஷல் எஜுகேஷன்லயே காலம் தள்ளினவன்.

குறிஞ்சி:
அதான் தெரியுதே, தள்ளியிருக்கீங்க. 16 கடைசிக் கெடு. குழு பொருத்தம்னு நினைச்சா அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாம்னு அதே விதியில இருக்கு. சில மாநிலத்துல இன்னும் 14தான். அதை விடுங்க, நான் மாறுதல் திட்டத்தைக் கேட்கவே இல்ல. வகுப்புல எல்லாருக்கும் கொடுத்த ஒண்ணை இவனுக்கும் செய்ய முடியுற மாதிரி கொடுக்கச் சொல்றேன். அதுக்கு, இயலாமையைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாதுங்கிற 1973 மறுவாழ்வுச் சட்டத்தோட 504-ஆம் பிரிவு போதும்.

தேன்மொழி:
நான் அணுகல் சோதனை, அதாவது இயலாமை உள்ளவங்களும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்த முடியுதான்னு பார்க்கிற வேலைதான் பார்க்கிறேன். எல்லாச் செயலும் கீபோர்டால முடியணும்னு டபிள்யூசிஏஜி 2.0-ங்கிற இணைய அணுகல் விதித்தொகுப்புல அடிப்படை நிலையிலேயே இருக்கு. அது வந்தது 2008. பொதுப் பள்ளிகளோட இணையச் சேவைக்கு அதோட 2.1 பதிப்புல ஏஏ நிலை வேணும்னு அமெரிக்க நீதி அமைச்சகத்தோட விதியே 2024 ஏப்ரல்ல வந்தாச்சு. வித்தவனும் பார்க்கல, வாங்கினவனும் பார்க்கல. அமெரிக்கத் தொழிலாளர் துறையோட ஓ-நெட் ஆர்வக் கணிப்பு ஒண்ணு இருக்கு, சுருக்க வடிவத்துல 60 கேள்வி. எல்லாம் வார்த்தையில, படம் பார்க்க வேண்டிய வேலையே இல்ல. தாள்லயும் செய்யலாம்.

கணக்குப்பிள்ளை:
சாஃப்ட்வேரில் தலை நரைத்தவனுக்குப் பாடமா? இழுத்துப் போடுவது பற்றிய விதி 2023-இல் வந்த 2.2 பதிப்பில்தான் இருக்கிறது. பழைய மென்பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

தேன்மொழி:
அது 2.5.7-ஆம் விதி. இழுக்க முடியாதவங்க வெறும் க்ளிக்கால செய்ய வழி வேணும்னு சொல்றது. கை நடுங்குறவங்களுக்கு உதவும். நான் சொன்ன கீபோர்டு விதியோட எண் 2.1.1, அது 2.0 பதிப்புலயே இருக்கு. தேடல்ல வந்த முதல் வரியோட நிறுத்திட்டீங்க போல.

கணக்குப்பிள்ளை:
போன வருஷம் கோடை முகாம் இழையிலும் இதே கூட்டம்தான் என்மேல் பாய்ந்தது. யார் யாருக்கு லைக் போடுகிறார்கள் என்று தெரியாமல் இல்லை.

வெட்டிப்பேச்சு:
முகாமுக்கு எங்ககிட்ட வாங்கின பணத்துக்குக் கணக்கு கேட்டோம். பேருதான் கணக்குப்பிள்ளை.

ராசாத்தி:
குறிஞ்சி அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் பொண்ணுக்கு மூளை முடக்குவாதம். கை அவ சொல்பேச்சு கேட்காது. கண்ணசைவுக் கருவி வருஷக்கணக்கா "பரிசீலனை"யிலயே கிடக்கு. அதுவரைக்கும் எய்ட் கைதான் அவ மவுஸ். நீங்க திரும்பத் திரும்ப "மவுஸைப் பிடிச்சது யாரு"ங்கும்போது, அவ செய்யுறது எதுவும் அவளுது இல்லன்னு சொல்ற மாதிரி குத்துது.

கணக்குப்பிள்ளை:
பாருங்கள், நான் சொன்னதைத்தான் சகோதரியும் சொல்கிறார்.

ராசாத்தி:
இல்ல சார். உங்களுக்கு வக்காலத்து வாங்க வரல.

குறிஞ்சி:
உன் பொண்ணைச் சொல்லல ராசாத்தி. உன் பொண்ணுகிட்ட அட்டையைக் காட்டி, அவ கண்ணு எங்க போகுதுன்னு பார்த்துட்டுத்தானே எய்ட் இழுக்குது? இவன் விஷயத்துல எந்த அட்டையை அவன்கிட்ட சொல்றதுன்னே எய்ட்தான் முடிவு பண்ணிச்சு. ரெண்டும் ஒண்ணா?

இன்னொண்ணு, எல்லாரும் வசதியா மறந்துட்டுப் பேசுறீங்க. ஐஇபி பள்ளியோட முடியுது. கல்லூரிக்குள்ள காலை வச்சதும் அது வெறும் தாள். இயலாமைச் சேவை அலுவலகத்தைத் தேடிப் போய், எனக்கு இது இருக்கு, இது வேணும்னு மாணவனே வாயைத் திறக்கணும். திறக்கலன்னா யாரும் வந்து கேட்க மாட்டாங்க, அம்மாவுக்கு ஃபோனும் வராது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கே கூடுதல் நேரம் வேணும்னா, அதை நடத்துற காலேஜ் போர்டுகிட்ட தனியா அனுமதி வாங்கணும். "இந்தப் பக்கம் எனக்கு வேலை செய்யல, வேற வடிவம் கொடுங்க"ன்னு 12 வயசுல ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாதவன் 18-ல எப்படிச் சொல்வான்? அன்னிக்கு அவன் கத்துக்கிட்டது, சும்மா உக்காந்திருந்தா யாராவது முடிச்சுக் கொடுப்பாங்கங்கிறது. அதுக்குத்தான் பச்சை டிக் போட்டு "முடிந்தது"ன்னு அனுப்பியிருக்கு பள்ளி. அதனாலதான் கேட்கிறேன், கேட்டுக்கிட்டே இருப்பேன், மவுஸைப் பிடிச்சது யாரு?

பழைய வாத்தியார்:
எய்ட்களைத் திட்டுறது சுலபம். ஒரு எய்டுக்கு எத்தனை பிள்ளைன்னு தெரியுமா? அவங்க சம்பளம் தெரியுமா? உங்க பையனுக்கு அல்ஜீப்ராவே தகராறுன்னு நீங்களே முன்னாடி எழுதியிருக்கீங்க. அதைப் பாருங்க முதல்ல.

குறிஞ்சி:
நெமெத் பிரெயில்ல (கணக்குக்கான பிரெயில் முறை) கணக்குப் புத்தகம் வகுப்பு ஆரம்பிச்சுப் பாதி வருஷம் கழிச்சு வந்தது. தகராறு யாருக்கு? என் பையனை இழுக்காதீங்க வாத்தியாரே.

பழைய வாத்தியார்:
நீங்கதான் இழுத்துட்டு வந்தீங்க. தலைப்பே அவன்தான்.

தேன்மொழி:
அந்த மென்பொருளோட அணுகல் அறிக்கையைக் கேட்டு மாவட்டத்துக்கு எழுதலாம். மாதிரிக் கடிதம் வேணும்னா போடுறேன்.

வெட்டிப்பேச்சு:
தேன்மொழி மேடம் வந்தாலே கடிதம்தான். போன இழையில போடுறேன்னு சொன்ன மாதிரிக் கடிதமே இன்னும் வரல.

தேன்மொழி:
போட்டேன். நீங்க படிக்கல.

கணக்குப்பிள்ளை:
மட்டுறுத்துனர் கவனத்துக்கு: முகாம் பணம் பற்றிய அவதூறை உடனே நீக்க வேண்டும். மற்றபடி 16 வயது பற்றி வாத்தியார் சொன்னதற்கு இதுவரை யாரும் முறையாகப் பதில் சொல்லவில்லை.

குறிஞ்சி:
சொல்லியாச்சு. மேல போய்ப் படிங்க. யாரும் இழுத்துக் காட்ட மாட்டாங்க, நீங்களே ஸ்க்ரோல் பண்ணணும்.

ராசாத்தி:
அக்கா, நான் கேட்டதுக்கும் இன்னும் முழுசா பதில் வரல.

வெட்டிப்பேச்சு:
முகாம் ரசீது என்கிட்ட பத்திரமா இருக்கு. போடட்டுமா?