சைலன்ஸ்: ஒலியின்மையும் ஒலியடங்கலும்

வணக்கம்.

ஒலித்திருத்தி மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘சைலன்ஸ்’ வரும் இடமெல்லாம் ‘மௌனம்’ என்றே போட்டுவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மௌனம் முனிவரோடு பிறந்த சொல். பேச முடிந்தும் பேசாதவருக்குத்தான் அது பொருந்தும். ஒலிப்பதிவின் நடுவே விழுந்த இரண்டு நொடி வெற்றிடம் யாருடைய மௌனம்? ‘அமைதி’யில் நிம்மதி கலந்திருக்கிறது, போதாததற்கு ‘வழுவமைதி’ என்று இலக்கணத்திலும் அதற்கு வேலை இருக்கிறது. ‘நிசப்தம்’ பொருளால் சரி, ஆனால் அதிலிருந்து வினைச்சொல் எடுக்க முடியவில்லையே. பொத்தானுக்கு வினைதான் வேண்டும். ‘ஊமையாக்கு’ வேண்டவே வேண்டாம். மனிதரைப் புண்படுத்தும் சொல்லை மைக்கை நிறுத்தும் பொத்தானில் எழுதக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல், ‘சைலன்ஸ்’ இங்கே ஒரு பொருளில் வரவில்லை என்பது. பார்வையற்றோருக்காக ஒலிநூல் வாசித்துப் பதிகிறேன். ஒருமுறை பத்திகளுக்கு நடுவே என் மூச்சுச் சத்தம் கேட்கிறதே என்று அந்த இடங்களையெல்லாம் தேர்ந்தெடுத்து ‘சைலன்ஸ்’ கொடுத்தேன். ஒலியைத் திரையில் அலையலையாகக் காட்டும் அலைவரைவு கோடு கிழித்ததுபோல நேரானது. நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து குறித்த எண்கள், அத்தனையும் சுழியம். கேட்டுப் பார்த்த தோழி, “நடுநடுவே கருவி நின்றுபோச்சோன்னு தடவித் தடவிப் பார்த்தேன்” என்றார். அப்புறம் யாரும் பேசாத அறையை அரை நிமிடம் பதிந்தேன். கணினி விசிறியின் முனகலும் தெருவின் மெல்லிய இரைச்சலும் அதில் இருந்தன. அதை வெட்டி அந்த இடங்களில் ஒட்டியதும் சரியாகிவிட்டது.

‘சைலன்ஸைக் கண்டறி’ என்ற கட்டளை தேடுவதும் சுழியத்தை அல்ல. நாம் குறித்த டெசிபல் அளவுக்குக் கீழே தணிந்த ஒலியைத்தான். குறுந்தொகை 6-இல் பதுமனார் ‘சொல் அவிந்து இனிது அடங்கினரே மாக்கள்’ என்கிறார். பேச்சு அடங்கிவிட்டது, ஆனாலும் அதே பாட்டில் யாமம் ‘நள்’ளென்று ஒலிக்கிறது. நான் அறையில் பதிந்தது அந்த ‘நள்’தான். ‘அவி’யை இன்று எடுத்தால் இட்லிதான் நினைவுக்கு வரும். ‘அடங்கு’ இன்றும் நம் வாயில் இருக்கிறது. ஊரடங்கு, சத்தம் அடங்கியது என்கிறோம்.

ஆகவே, சுழியம் நிரப்பிய இடத்துக்கு ‘ஒலியின்மை’, தானாகத் தணிந்த இடத்துக்கு ‘ஒலியடங்கல்’, பொத்தானுக்கு ‘ஒலியடக்கு’ என்று வைக்கலாம். அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. யாருக்கும் விளக்கம் சொல்லவே தேவையில்லை. அடங்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு ஆயிற்றே என்பீர்கள். முன்னால் ‘ஒலி’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அலைபேசியின் ‘சைலன்ட் மோட்’ எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மணி அடிக்காது, ஆனால் சட்டைப்பையில் அதிரும். அதையும் ஒலியடக்கம் என்று சொல்லிவிடலாமா?