தமிழ் மீடியத்துல இருந்து இன்ஜினியரிங் வந்தேன், முதல் இன்டர்னல்ல மேத்ஸ் 18 தான், எப்படி மீள்றது?

ஒட்டன்சத்திரம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சேன், 7.5 சதவீத ஒதுக்கீட்டுல அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ இருக்கிற ஒரு காலேஜ்ல சீட் கிடைச்சுது, வீட்ல நான்தான் முதல் பட்டதாரி ஆகப்போறவன். 12-ல கணக்குல 91. இங்க முதல் இன்டர்னல்ல மேத்ஸ் 100-க்கு 18, பிசிக்ஸ் 27. கிளாஸ்ல சார் டிட்டர்மினன்ட் டிட்டர்மினன்ட்னு சொல்லிட்டே போறாரு, அது நம்ம அணிக்கோவைதான்னு எனக்கு தெரியவே மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள ஐகன் வேல்யூன்னு அணிகள் பாடத்துல வர்ற தலைப்பையும் முடிச்சு அடுத்த யூனிட் போயிட்டாங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து நோட்ஸை மனப்பாடம் பண்றேன், காலையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. அரியர் விழுந்துருமோன்னு பயமா இருக்கு, வீட்ல சொல்லவும் மனசு வரல.

மலைக்கோட்டை_அக்கா:
தம்பி, முதல்ல மனப்பாடத்தை நிறுத்துப்பா. நானும் தமிழ் மீடியம்தான், இதே இடத்துல நின்னு அழுதிருக்கேன். உனக்கு கணக்கு தெரியும், கணக்கோட இங்கிலீஷ் பேருதான் தெரியல, ரெண்டும் வேற வேற.

நான் பண்ணதை சொல்றேன். 11, 12 பாடப்புத்தகம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இலவச பிடிஎஃப்பா கிடைக்குது, ரெண்டும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே எடுத்துக்காட்டு. ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, தெரியாத வார்த்தை வர்ற இடத்துல மட்டும் மாத்தி பாரு. பிசிக்ஸ் முதல் யூனிட்ல மொமென்ட் ஆஃப் இனர்ஷியா வரும்ல, அது 11-ல படிச்ச நிலைமத் திருப்புத்திறன்தான். நாற்பது பக்க நோட்டுல இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ்னு ஒரு நாளைக்கு பத்து வார்த்தை எழுதிட்டு வந்தேன், ரெண்டு மாசத்துல பெருசா அந்த நோட்டை தொறக்கவே தேவைப்படல.

அரியர்_இல்லா_நாலுவருஷம்:
மார்க் கணக்கையும் புரிஞ்சுக்கோ ப்ரோ, பாதி பயம் போயிரும். 2021 ரெகுலேஷன்ல, அதாவது அண்ணா யுனிவர்சிட்டியோட 2021 விதிமுறையில, தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. செமஸ்டர் பேப்பர் 100-க்கு நடக்கும், அதுல 45 எடுக்கணும், அப்புறம் அதை 60-க்கு மாத்துவாங்க, ரெண்டும் சேர்ந்து மொத்தம் 50 வரணும். இன்டர்னல்ல 40-க்கு 25 வச்சிருந்தா பேப்பர்ல 45 எடுத்தாலே 52 ஆகி பாஸ். அதே இன்டர்னல் 15-ன்னா பேப்பர்ல 59 வேணும். அதனால அடுத்த இன்டர்னல், அசைன்மென்ட் எதையும் விட்றாத.

பேப்பர்ல பத்து டூ மார்க், அஞ்சு 13 மார்க், ஒரு 15 மார்க். 13 மார்க்ல ரெண்டுல ஒண்ணு சாய்ஸ் இருக்கும். அட்டெண்டன்ஸ் 75-க்கு கீழ போக விடாத, நல்லா படிக்கிற பசங்களே இதுல மாட்டி ஒரு செமஸ்டர் இழந்ததை பாத்திருக்கேன்.

கணக்கு_டீச்சர்:
நான் ஒரு காலேஜ்ல மேத்ஸ் எடுக்கறேன் தம்பி. பேப்பர் திருத்தும்போது நாங்க பாக்கறது ஸ்டெப்பைத்தான், உங்க இங்கிலீஷை இல்ல. ஐகன் வேல்யூ கணக்குல கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷனை, அதான் லேம்டா வர்ற அந்த சமன்பாட்டை, சரியா எழுதிட்டு கடைசில கூட்டல் தப்பானாலும் அதுவரைக்கும் போட்ட ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, வெறும் பக்கத்துக்கு எங்களால ஒண்ணும் போட முடியாது. தெரிஞ்ச வரைக்கும் எழுதிட்டு வாங்க.

இன்னொண்ணு, "புரியல சார்"னு மட்டும் போய் நிக்காதீங்க. ஒரு கணக்கை போட்டு, எந்த வரியில நின்னுச்சோ அதுல பென்சில்ல வட்டம் போட்டு எடுத்துட்டு போங்க. அப்படி வர்ற பையனுக்கு பத்து நிமிஷத்துல சொல்லிக்குடுத்துரலாம், தமிழ்லயே கேளுங்க, அதுல ஒரு தயக்கமும் வேண்டாம்.

ஒட்டன்சத்திரம்_பையன்:
அக்கா, அண்ணா, மேடம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேடம் சொன்ன மாதிரி இன்னிக்கு மதியம் ஒரு கணக்குல வட்டம் போட்டு சார்கிட்ட போனேன், மைனஸ் லேம்டாவை மூலைவிட்டத்துல மட்டும் போடாம எல்லா இடத்துலயும் போட்டிருக்கேன், அவ்ளோதான் தப்பு. வீட்டுக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன். தங்கச்சி இப்ப 11 படிக்கிறா, அவ பிசிக்ஸ் புக்கோட முதல் தொகுதியை சனிக்கிழமை பஸ்ல அப்பா கொண்டு வர்றாரு.