மைக்ரோபியல் ஃப்யூயல் செல்: எதுவும் எரியாத கலத்துக்கு ‘எரிபொருள்’ எதற்கு?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியாவைக் கொண்டு கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ‘மைக்ரோபியல் ஃப்யூயல் செல்’லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் இதுவரை நம்மிடையே மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நுண்ணுயிர் எரிபொருள் கலம், கழிவு மின்கலம், நுண்ணுயிர் மின்கலம். மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. அதைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். காற்றுப் புகாத அறையில் கார்பன் இழைகளால் ஆன ஒரு மின்முனை இருக்கும். அதன்மேல் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வளரும். நாம் உண்ட சோற்றின் சத்து உடலின் செல்களில் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை, மூச்சில் இழுத்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. இந்த அறையில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கழிவைத் தின்றுவிட்டு எலக்ட்ரான்களை மின்முனையிடமே கொடுத்துவிடுகின்றன. ஆற்று வண்டலில் வாழும்போது அவை இரும்பு ஆக்சைடிடம் கொடுக்கும். இங்கே இரும்புக்குப் பதில் கார்பன், அவ்வளவுதான். எலக்ட்ரான்கள் கம்பி வழியே மறுமுனைக்குப் போகும். கழிவு சிதையும்போது கூடவே வெளிவரும் புரோட்டான்கள் இடையிலுள்ள சவ்வைக் கடந்து அங்கே வரும். இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகும். பாக்டீரியா தின்னும் எளிய உணவுகளில் ஒன்றான அசிட்டேட்டின் ஓர் அயனி முழுதும் சிதைந்தால் எட்டு எலக்ட்ரான்கள் கிடைக்கும். வேலை செய்யும்போது ஒரு கலம் தருவது சுமார் அரை வோல்ட்.

இதில் எங்கேயும் தீ இல்லை. ‘எரிபொருள்’ என்று கேட்டதும் நம் மனத்தில் அடுப்புதான் வரும். அதிலும் ‘நுண்ணுயிர்’ என்று முன்னால் சேர்த்தால் சாண எரிவாயுக் கலன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதுவும் நுண்ணுயிர், அதுவும் கழிவு. ஆனால் அங்கே கிடைக்கும் மீத்தேனை நிஜமாகவே எரிக்கிறோம். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடே, இங்கே எரிக்கும் கட்டமே இல்லாமல் நேராக மின்சாரம் வருகிறது என்பதுதான். அந்த வேறுபாட்டைச் சொல்லே மறைத்துவிடக் கூடாது.

‘கலம்’ தனியாக நிற்பதிலும் சிக்கல் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் உயிரியலில் வரும் ‘செல்’லுக்குக் கலம் என்றுதான் பெயர். நுண்ணுயிர்க் கலம் என்றால் யாழ்ப்பாணத்து மாணவர் பாக்டீரியாவின் உடலைத்தான் நினைப்பார். ஆகவே ‘மின்கலம்’ என்று முழுதாக எழுதுவது நல்லது.

‘கழிவு மின்கலம்’ சொல்ல எளிது. ஆனால் ஒரு பயனோடு பெயரைக் கட்டிவிடுகிறது. 1911இல் டரம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எம். சி. பாட்டர் ஈஸ்டையும் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியாவையும் வைத்து மின்னழுத்தம் கண்டபோது கழிவு என்ற பேச்சே இல்லை. கடலடிச் சேற்றில் மின்முனையைப் புதைத்துக் கருவிகளை இயக்குகிறார்களே, அதில் எது கழிவு? இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சிறுநீரைக் கொண்டு கழிப்பறை விளக்கை எரிய வைத்தது ஒரு பயன். அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

மூன்றாவது சொல்லான ‘நுண்ணுயிர் மின்கலம்’ ஏறக்குறைய சரி. விடுபட்டது ‘ஃப்யூயல்’. டார்ச்சில் போடும் மின்கலம் உள்ளே இருப்பது தீர்ந்ததும் முடிந்துபோகும். இது அப்படியல்ல, வெளியிலிருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், போடும் வரை ஓடும். அந்தக் கருத்து சொல்லில் வர வேண்டும்.

அதனால் ஃப்யூயல் செல்லுக்கே ஊட்டுமின்கலம் என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஹைட்ரஜன் ஊட்டுமின்கலம், மெத்தனால் ஊட்டுமின்கலம், நம்முடையது நுண்ணுயிர் ஊட்டுமின்கலம். கடைசியில் சொன்னதில் ‘ஊட்டு’ நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. உள்ளே இருப்பவை உயிர்கள், நாம் அவற்றுக்கு ஊட்டுகிறோம். ‘ஊட்டுகிற மின்கலம் என்றல்லவா பொருள் வரும்?’ என்று கேட்கலாம். வினைத்தொகை இரண்டு பக்கமும் வளையும். குடிநீர் எதையும் குடிப்பதில்லை. உண்கலம் உண்பதில்லை.

அப்புறம், இதைவிட எனக்குக் கவலை தருவது ஆனோடு, அதாவது எலக்ட்ரான்கள் கம்பிக்குப் புறப்படும் மின்முனை. பள்ளியில் அதற்கு ‘நேர்மின்முனை’ என்று படித்தோம். மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்பகுப்பில் அது சரி. ஆனால் மின்கலத்தில், இந்த ஊட்டுமின்கலத்திலும்தான், ஆனோடு எதிர் மின்தன்மை கொண்டது. பாக்டீரியா எலக்ட்ரானைக் கொட்டும் முனையை ‘நேர்மின்முனை’ என்று எழுதிவிட்டு, பக்கத்துப் படத்தில் கழித்தல் குறி போட்டால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? நான் படித்தபோது இந்த இடத்தில் பல நாள் தடுமாறி நின்றேன், தவறு என்னுடையது என்றே நினைத்தேன்.

மின்பகுப்பை ஆராய்ந்த ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேவுக்கும் இதே கவலை இருந்தது. மின்னோட்டம் பற்றிய எந்தக் கொள்கையையும் சாராத பெயர் வேண்டும் என்று 1834இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதினார். கடிதங்களிலேயே விவாதித்துத்தான் ஆனோடும், மறுமுனைக்குக் கேத்தோடும் வந்தன. கிரேக்கத்தில் ஏறும் வழி, இறங்கும் வழி; ஃபாரடே அதைக் கதிரவன் எழும் திசை, மறையும் திசை என்று விளக்கினார். நாம் அதையே எடுத்தால் எழுமுனை, படுமுனை என்று அழகாகவே வரும். ஆனால் மாணவருக்கு உதவுவது தருமுனை, பெறுமுனை என்று நினைக்கிறேன். கம்பிக்கு எலக்ட்ரானைத் தருவது தருமுனை, கம்பியிலிருந்து பெறுவது பெறுமுனை. மின்பகுப்பானாலும் மின்கலமானாலும் இது மாறாது. கூட்டல் கழித்தல் குறியைத் தனியே போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு சொற்கள். மின்முனைமேல் பாக்டீரியாக்கள் படியும் படலமான பயோஃபிலிமுக்கு ‘உயிர்ப்படலம்’ ஏற்கெனவே புழங்குகிறது, இருக்கட்டும். உடலுக்கு வெளியே எலக்ட்ரானைத் தரும் பாக்டீரியாவுக்கு ‘மின்னுமிழி’ என்று ஒரு பரிந்துரை வந்தது. இயற்பியலில் எலக்ட்ரான் உமிழ்வு என்பது வேறு நிகழ்வு. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் பறப்பதற்கு அச்சொல்லைக் கொடுத்துவிட்டோம். மின்னை ஈனுவது என்ற பொருளில் ‘மின்னீனி’ எப்படி? வெளியிலிருந்து கொஞ்சம் மின்னழுத்தம் கொடுத்து, இதே பாக்டீரியாவால் ஹைட்ரஜன் எடுக்கும் அமைப்புக்கு ‘நுண்ணுயிர் மின்பகுப்புக் கலம்’ போதும் என்று தோன்றுகிறது. அங்கே நாம் மின்சாரம் கொடுக்கிறோம், எடுப்பதில்லை. அதனால்தான் அங்கே ‘மின்கலம்’ போடவில்லை.

‘ஊட்டு’ காதுக்கு இடறுகிறது என்றால் வேறு வேர்ச்சொல் சொல்லுங்கள். ‘எரி’க்கு மட்டும் திரும்ப வேண்டாம்.