‘கிரீன் வாட்டர்’: பச்சை நீரா, தளம்புரள் நீரா?

அன்புடையீர், வணக்கம்.

பேரலைகள் கப்பல்களையும் கடல்நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகளையும் தாக்குவதைக் கணினியில் உருவகப்படுத்துவது தொடர்பான கலைச்சொற்களில், ‘கிரீன் வாட்டர்’ (green water) என்பது அலையிலிருந்து கப்பலின் மேல்தளத்தில் திரளாக ஏறிப் பாயும் நீர். அதற்குத் தமிழாக ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘பச்சை நீர்’ எனக்கு ஏற்புடையதாக இல்லை. எங்கள் தருமபுரிப் பக்கத்தில் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர். கார்த்திகை மாத விடியலில் அதில் குளிப்பவர் அஞ்சலாம், மாலுமி அஞ்ச வேண்டியதில்லை.

கப்பலின் மேல்தளத்தில் ஏறும் நீர் காற்றுக் கலந்து நுரைத்திருந்தால் வெள்ளையாகவும், நுரைக்காமல் ஒரே திரளாக வந்தால் பசுமையாகவும் தெரிவதால் வந்த பெயர் அது. ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்கள் இந்த வேறுபாட்டை அறிவார்கள்: அருவியின் புகை சட்டையை நனைப்பதோடு சரி, ஆனால், பாறை விளிம்பில் கண்ணாடிபோல் வளைந்து இறங்கும் நீருக்கு அடியில் எந்தப் பரிசல்காரரும் துடுப்புப் போட மாட்டார். கடல்நீர் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1,025 கிலோ; அஞ்ச வேண்டியது அந்த எடைக்குத்தான். கணினி உருவகத்திலும் அப்படித்தான்: 1981-இல் ஹிர்ட், நிக்கோல்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட கணிப்பு முறையில், இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எத்தனை பங்கு என்பது 0 முதல் 1 வரையிலான எண்ணாகவே வருகிறது. நிறத்துக்கு அங்கே வேலையில்லை.

முதலில் எனக்குத் தோன்றியது ‘கோடி நீர்’. ஏரி நிரம்பி வழிவதைக் ‘கோடி போகிறது’ என்போம். ஆனால் ஏரி கோடி போனால் ஊரே திரண்டு மலர் தூவிக் கிடா வெட்டும். கப்பலில் நேர்வது அத்தகைய நிதானமான வழிதல் அன்று. விளிம்புக்கு மேல் சுவராக எழுந்த நீர் சரிந்து தளத்தின்மேல் பாய்வதால், அதை அணையுடைவுக் கணக்காகக் கொண்டு தீர்ப்பதும் ஆய்வாளர்களிடையே உள்ள வழக்கம். 2017-இல் கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்து நீர் சீறியதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே, ‘கரைபுரள்’ என்பதை ஒட்டித் ‘தளம்புரள் நீர்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அதிலிருந்து ‘தளம்புரள் சுமை’, ‘தளம்புரள் அழுத்தம்’ ஆகியவையும் இயல்பாகக் கிளைக்கும். ‘புரண்டது’ என்றால் கப்பல் கவிழ்ந்ததாகக் கொள்வார்களே என்னும் ஐயம் எழலாம். வெள்ளம் கரைபுரண்டது என்னும்போது கரை கவிழ்ந்ததாக எவரும் கொள்வதில்லை. ‘ஸ்பிரே’ என்பதற்குச் சாரல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம்.