கலைச்சொல் விவாதம்: நாயகனின் வலுவோடு எதிரே நிற்கும் ரோபோவுக்கு என்ன பெயர்?

நல்லூரிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கேம் வடிவமைப்புக் கலைச்சொல் பட்டியலில் ஒரு சொல் முட்டுப்பட்டு நிற்கிறது. நாயகனைப் பார்த்துச் செய்த ரோபோ ஒன்று அவன் வேகத்தில் ஓடும், அவன் உயரத்துக்குப் பாயும், அவனுக்கே போட்டியாக வரும். 1993இல் சேகா வெளியிட்ட 'சொனிக் சீடி' என்ற கேமில், வேகமாக ஓடும் நாயகன் சொனிக்கின் சாயலில் செய்த ரோபோவான மெற்றல் சொனிக்கை நினைத்தால் விளங்கும். இதுவரை வந்த முன்மொழிவுகள் எந்திர வில்லன், ரோபோ எதிரி, பொறிப்பகைவன், நகல் எதிரி. கடைசிச் சொல்தான் கிட்ட வருகிறது என்பது என் எண்ணம். மறுப்பிருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

சுன்னாகத்திலிருந்து:

அண்ணை, 'எதிரி' வேண்டாம். எங்கள் நீதிமன்றச் செய்திகளில் எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். அதைக்கூடச் சமாளிக்கலாம். கேமுக்குள் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பதுதான் பெரிய தடை. வழியில் ஊர்ந்து வந்து ஒரு மிதியில் உடைகிற சின்னப் பொறியும் எதிரிதான்.

'எந்திர வில்லன்' அதைவிடத் தூரம் போகிறது. சொனிக் கேம்களில் வில்லன் ரொபொட்னிக் ஏறிவரும் ஒவ்வொரு வண்டியும் எந்திரம்தான். அவற்றில் எத்தனை நினைவில் நிற்கின்றன? மெற்றல் சொனிக் நிற்கிறது. அது உலோகத்தால் ஆனதில் விசேடம் இல்லை. மற்றப் பெரிய எதிரிகளிடம் போனால் அவர்களின் விதியை அங்கேதான் படிக்கவேண்டும்: எப்போது அடிக்கும், எங்கே திறக்கும், எத்தனை அடி தாங்கும். இதனிடம் போகும்போது விதி ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் அது உங்கள் விதி. இரண்டு மணித்தியாலமாக உங்கள் பெருவிரல் பழகிய பாய்ச்சல் இப்போது எதிர்ப்பக்கம் நிற்கிறது. யாரும் விளக்கத் தேவையில்லை, பார்த்தவுடன் பயம் வரும்.

'சொனிக் சீடி'யில் அதோடு வரும் ஓட்டப்போட்டியைக் கவனியுங்கள். ஸ்ராடஸ்ற் ஸ்பீட்வே, மூன்றாம் பகுதி. பக்கத்தில் மெற்றல் சொனிக். பின்னால் ரொபொட்னிக் லேசர்க்கதிரோடு துரத்துகிறான், அது பட்டால் உயிர் போகும். முடிவில் ஒரு கதவு. மெற்றல் சொனிக் முந்திப் போனால் கதவு அடைபட்டு நாம் வெளியே. நாம் முந்தினால் அது கதவில் மோதி நொறுங்கும். சண்டை என்று தனியாக ஒன்று இல்லை. 'யார் வேகமானவன்' என்ற ஒரே கேள்வி, அதுவும் வேகமே அடையாளமான ஒரு பாத்திரத்திடம். மாட்டுவண்டிச் சவாரித் திடலில் ஒத்த தரத்து மாடுகளைச் சோடி சேர்த்து விடுவதும் இதற்குத்தான். தரம் ஒத்தால்தான் போட்டி.

ஆகவே சொல்லின் தலையில் இருக்கவேண்டியது 'பொறி'யும் அல்ல, 'பகை'யும் அல்ல, ஒப்பு.

பருத்தித்துறையிலிருந்து:

தம்பி சொன்னது சரி. நான் முன்வைக்கும் சொல் மாற்றான்.

பகைவன் என்ற பொருளில் இது பழைய சொல். 471ஆம் குறளில் "தன்வலியும் மாற்றான் வலியும்" என்று இரண்டு வலிமைகளும் அடுத்தடுத்துத் தராசில் ஏறுகின்றன. நாம் தேடும் பாத்திரத்தின் முழு இலக்கணமும் அந்த நிறுவையில் இருக்கிறது. அதோடு 'மாற்று' என்ற அடியில் பதில், ஈடு என்ற பொருள்களும் உண்டு. ஒருவனுக்கு எதிராக நிற்பவன், ஒருவனுக்கு ஈடாக நிற்பவன், இரண்டையும் ஒரே சொல் சொல்கிறது. 'நகல் எதிரி'யில் இதற்கு இரண்டு சொல் செலவாகிறது. நகல் என்றதும் போட்டோக்கொப்பிதான் முன்னுக்கு வரும்.

முதலாவது 'மெகா மான்' கேமில் (1987) வரும் கொப்பி ரோபோவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாம் எந்த ஆயுதத்தை எடுக்கிறோமோ அதையே அதுவும் எடுக்கிறது. நாம் மாற்றினால் அதுவும் மாற்றும்.

எங்கள் இலக்கியத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பெருங்கதையில் உதயணனைப் பிடிக்கப் பகையரசன் அனுப்புவது ஓர் எந்திர யானை. யாழ் வாசித்து யானையை வசப்படுத்துவது உதயணனின் தனித்திறமை. அந்தத் திறமையையே பொறியாக்கி அவன் முன் நிறுத்தினார்கள். புலியையோ பாம்பையோ அனுப்பியிருந்தால் அவன் விலகிப் போயிருப்பான்.

மானிப்பாயிலிருந்து:

ஐயா, மாற்றான் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகளைச் சொல்லவேண்டும்.

ஒன்று, பால். நாயகி பெண்ணாக இருந்து அவள் சாயலில் ரோபோ வந்தால் 'மாற்றாள்' என்று எழுதமுடியாது. அகராதியில் அது சக்களத்தி. ஆகவே மாற்றான் என்பதை வகைப்பெயராக வைத்து 'மாற்றான் பாத்திரம்' என்று எழுதுவோம். பாத்திரம் அஃறிணை, 'வந்தது', 'ஓடியது' என்று முடிக்கலாம்.

மற்றது, எல்லா மாற்றானும் ரோபோ இல்லை. 1989இல் அப்பிள் 2 கணினிக்கு வந்த 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'வின் நிழல்மனிதனைப் பாருங்கள். நினைவகத்தில் புதிய எதிரிக்குப் படங்கள் வைக்க இடமில்லை. நாயகனின் படங்களையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளித் தன்மேலேயே XOR முறையில் (ஒத்த புள்ளிகள் அணைந்து, வேறுபடும் புள்ளிகள் மட்டும் ஒளிரும்படி) போட்டதில் மினுங்கும் ஓர் உருவம் கிடைத்தது. கடைசிச் சந்திப்பில் அதை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அதற்குள் நடந்து போகவேண்டும். அது மாற்றான்தான், ஆனால் பொறி இல்லை. ஆகவே ரோபோவுக்கு மட்டும் 'பொறிமாற்றான்' என்று வைப்போம். பொறிக்குக் கண்ணி என்ற பொருளும் இருப்பது இங்கே இடைஞ்சல் இல்லை, உதயணன் கதையில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

பட்டியலில் வரைவிலக்கணத்தோடு செய்முறைக் குறிப்பும் சேர்க்கவேண்டும். சொல்லைத் தேடி வருகிற பெடியள் அதைச் செய்யப்போகிறவர்கள்.

சுன்னாகத்திலிருந்து:

அக்கா கேட்ட செய்முறைக் குறிப்பு.

இலகுவான வழி பதிவு. விளையாடுபவர் அழுத்தும் எட்டுப் பொத்தான்களும் ஒரு பைற்றில் அடங்கும். செக்கனுக்கு 60 சட்டகம் (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக மாறும் படம்) என்றால் இரண்டு நிமிட ஓட்டத்துக்கு 7,200 பைற். அதைத் திருப்பி ஓட்டினால் மாற்றான் தயார். ஆனால் இயக்கக் கணக்கு 1/60 செக்கனுக்கு ஒருமுறை என்று கட்டப்பட்டிருக்கவேண்டும். திரை வரையும் வேகத்தோடு கணக்கும் மாறினால், பழைய போனில் அதே பொத்தான்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். மூன்றாவது பாய்ச்சலில் விளிம்பு தவறி மாற்றான் குழிக்குள் விழும். அப்படிக் கட்டமுடியாவிட்டால் பொத்தான்களை விட்டுவிட்டு, ஆறு சட்டகத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தைப் பதிந்து இடையை நிரப்புங்கள்.

நேரில் சண்டையிடும் மாற்றானுக்குப் பதிவு போதாது. அங்கே வருகிற பெரிய பிழை, பொத்தான் அழுத்திய அதே சட்டகத்தில் அது பதில் கொடுப்பது. மனிதக் கண் பார்த்துக் கை அசையக் கால் செக்கன் அளவு ஆகும். ஆகவே 15 சட்டகம் பிந்திய நிலையைத்தான் அதற்குக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் எந்த அடியும் படாது, விளையாடுபவர் அதைத் திறமை என்று எடுக்கமாட்டார், கள்ளம் என்றுதான் சொல்வார்.

ஓட்டத்தில் வரும் பிழை இடைவெளித் திருத்தம். பின்தங்கினால் மாற்றானின் வேகத்தைக் கூட்டி, முந்தினால் குறைக்கிறார்கள். 5 வீதத்துக்குள் நின்றால் பெரும்பாலும் தெரியாது. 20 வீதம் போனால், பிழையே விடாமல் ஓடினவரையும் பிடித்துவிடும். அந்த உச்சவேகம் நாயகனுக்கும் உரியது, விளையாடுபவரின் கைக்கு அது மனப்பாடம், மீறினால் உடனே பிடிபடும். வேகத்தைத் தொடாதீர்கள். முந்திப் போகும் மாற்றானுக்குப் பிழை விடக் கொடுங்கள்: ஒரு பாய்ச்சல் எட்டுச் சட்டகம் பிந்தட்டும், மேல்வழி இருக்கக் கீழ்வழியால் போகட்டும். பாதையின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் திருத்தத்தை முற்றாக நிறுத்துங்கள்.

நாயகனிடம் இல்லாத ஆற்றல் ஒன்று மட்டும் கொடுக்கலாம். இரண்டு கொடுத்தால் ஒப்புக் கெட்டு அது வழமையான எதிரியாகிவிடும். அந்த ஒன்றுக்கும் விலை வேண்டும்: தொடங்கமுன் 20 சட்டகம் ஒளிரவேண்டும், முடிந்தபின் அரைச் செக்கன் நிற்கவேண்டும்.

உருவத்தில் உயரமும் நிழலுருவும் நாயகனுடையதே. நிறமும் கண்ணும் மாறட்டும். அடிபடும் எல்லைப்பெட்டி (அடி பட்டதா என்று கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத கட்டம்) அளவில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் வேண்டாம்.

நல்லூரிலிருந்து:

பட்டியலில் இப்படிப் போடுகிறேன்.

மாற்றான் (மாற்றான் பாத்திரம்): நாயகனின் ஆற்றல்களையே கொண்டு, அவனோடு மோதியோ அவனைத் தடுத்தோ போட்டியாக வரும் பாத்திரம்.
பொறிமாற்றான்: ரோபோவாக அமைந்த மாற்றான்.
இடைவெளித் திருத்தம்: போட்டியாளருக்கிடையே உள்ள தூரத்தைப் பார்த்து வேகத்தையோ முடிவுகளையோ மாற்றுதல்.

'நகல் எதிரி'யை நீக்கிவிட்டேன். பதிவிலிருந்து ஓடும் ஆவியுருவுக்கு, அதாவது மோதாமல், தடுக்காமல் பக்கத்தில் ஓடிக்காட்டுவதற்கு, வேறு சொல் வேண்டும். அது போட்டியாளன் மட்டும், மாற்றான் ஆகாது. 'ஓட்டநிழல்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். பருத்தித்துறை ஐயா அதைப் பார்த்துச் சொல்லவேண்டும்.