கந்தளாயால திரும்பி வரேக்க மட்டும் கொதிக்கிற மொறிஸ் மைனர்

உவர்மலை (கேள்வி)

1965 மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். ரவுணுக்குள்ள நெரிசல்ல நிண்டாலும் சூடு ஏறுறேல்ல. காலமை கந்தளாய் போகேக்கையும் பிழையில்லை. பின்னேரம் 60, 65இல திரும்பி வரேக்க, தம்பலகாமச் சந்தி வர முன்னமே ரேடியேற்றர் மூடியால ஆவி அடிக்குது. வாட்டர் பம்ப், ரெண்டு ஹோஸ், ஃபான் பெல்ற் எல்லாம் புதுசு. கராஜில தேமோஸ்ராற்றை (சூடேறினாத்தான் தண்ணியை ரேடியேற்றருக்கு விடுற வால்வு) கழற்றிப் போட்டினம். இப்ப எலெக்ட்ரிக் ஃபான் பூட்டச் சொல்லினம். ஊத்துறது கிணத்துத் தண்ணி. திறந்து பாத்தா தேத்தண்ணி நிறம். ஃபான் பூட்டினா சரிவருமோ?

கிண்ணியா

வராது தம்பி. காசை வெச்சிருங்க. ஃபான் உதவுறது கார் நிக்கக்குள்ளயும் ஊரக்குள்ளயும்தான். 60இல காத்து தானா வருது. நெரிசல்ல கொதிச்சா காத்துக் குறை. வேகத்தில கொதிச்சா ஒண்டு தண்ணி ஓட்டம் குறை, இல்லாட்டி எஞ்சின் தேவைக்கு மிஞ்சிச் சூடு உண்டாக்குது.

போகக்குள்ள சரி, வரக்குள்ள பிழை எண்டா கச்சானை, அதான் தென்மேற்குக் காத்தை, நினைச்சுப் பாருங்க. கந்தளாய் போகக்குள்ள அது முகத்தில அடிக்கும், வரக்குள்ள முதுகில. 60இல ஓடி, பின்னால 25இல காத்தடிச்சா ரேடியேற்றருக்குள்ள போறது 35இன்ட காத்து மட்டும்தான். சுத்தமான ரேடியேற்றர் அதைத் தாங்கும்; அரைவாசி அடைச்சது தாங்காது.

செலவில்லாத ரெண்டு விசயத்தை முதல்ல பாருங்க. மூடியில 7 இறாத்தல் எண்டு இருக்கணும். அந்த அழுக்கத்தில தண்ணி 111 பாகை அளவிலதான் கொதிக்கும்; மூடி ரப்பர் காஞ்சிருந்தா 100இலயே கொதிச்சிரும். மற்றது, இந்தக் காருக்கு மிச்சத் தண்ணி போய் நிக்கிற டாங்கி இல்ல. கழுத்து மட்டும் நிரப்பினா விரியிற தண்ணி வெளியதான் வரும், அது கொதிப்பில்ல. கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழ நிப்பாட்டுங்க.

நிலாவெளி

நானா சொன்னது சரி. நான் சந்தேகப்படுறது ரேடியேற்றரை விட புளொக்கை, சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடம்பை. இந்த ஏ-சீரிஸ் எஞ்சின்ல துருவும் சேறும் போய்த் தங்குறது பின்பக்கம், 4ஆம் சிலிண்டரைச் சுத்தி. தேத்தண்ணி நிறம் எண்டால் அதுதான்.

மூண்டு சோதனை செய்யுங்கோ. எஞ்சின் ஆறின பிறகு புளொக்கின்ட பின்பக்கம் இருக்கிற ட்ரெயின் டப்பைத் திறவுங்கோ, தண்ணி பாயுதோ பாருங்கோ. ரேடியேற்றரைக் கழற்றி நிமிர்த்தி, கீழ்வாயைக் கையால பொத்தி, நிரப்பி, கையை எடுங்கோ: குழாய் நிறைய ஒரேயடியாக் கொட்டவேணும். மூண்டாவது ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில இருக்கிற தகடு): குளிர்ந்த எஞ்சின்ல பெல்ற்றைக் கழற்றி, மூடி திறந்தபடி ஸ்ராட் பண்ணி ஒரு நிமிசம் மட்டும் ஓடவிடுங்கோ. பம்ப் சுத்தாததால தண்ணி அசையாது. விடாமக் குமிழி வந்தா கஸ்கட் போட்டுது.

உவர்மலை

குமிழி இல்லை அண்ணை. ரேடியேற்றர் நல்லாக் கொட்டுது. ஆனா ட்ரெயின் டப்பை முழுசாத் திறந்தும் ஒரு சொட்டு வரேல்ல. மூடி 4 இறாத்தல்.

நிலாவெளி

அப்ப பிடிபட்டுது. டப்பை முழுசாக் கழற்றி, அந்த ஓட்டைக்குள்ள விறைப்பான கம்பியை விட்டுக் கிண்டுங்கோ. முதல்ல மண்வெல்லம் மாதிரிக் கட்டியா வரும், பிறகு சேறாத் தண்ணி வரும். தேமோஸ்ராற் இருக்கிற வாயால கார்டன் ஹோஸை வைச்சு, துணியால அடைச்சு, தண்ணி அடியுங்கோ. தெளிவா வருமட்டும் கிண்டுறதும் அடிக்கிறதும் மாறி மாறி. கம்பி எட்டாட்டி பின் வெல்ஷ் பிளக்கை (புளொக் ஓட்டையை அடைச்சிருக்கிற தகட்டு மூடி) தட்டி எடுத்துக் கரண்டியால வழிக்கவேணும். புதுசு போடேக்க விளிம்புக்கு சீலன்ட் பூசுங்கோ.

பிறகு சிற்றிக் அசிட், 5 லீற்றருக்கு 250 கிராம். எஞ்சினைச் சூடாக்கி 20 நிமிசம் ஓடவிட்டு, ஆறவிட்டுத் திறந்து, அப்பச்சோடா கலந்த தண்ணியால ஒருதரம், வெறுந்தண்ணியால ரெண்டு தரம் கழுவுங்கோ. கோஸ்டிக் சோடா, கக்கூஸ் கழுவுற அசிட் பக்கம் போகாதேங்கோ. ரேடியேற்றர் ஈயப் பத்தைத் திண்டு போடும்.

தேமோஸ்ராற்றைத் திருப்பிப் போடுங்கோ. அது இல்லாட்டி புளொக்குக்குள்ள அழுக்கம் குறைஞ்சு, எக்ஸோஸ்ட் வால்வுப் பக்கம் ஆவிக் குமிழி கட்டும். ஆவி நிண்ட இடத்தில தண்ணி தொடாது. வழமையான திறப்பு 82 பாகை, வெப்ப நாட்டுக்கு 74. எங்களுக்கு 74 போதும். பூட்ட முதல் சட்டித் தண்ணியில போட்டுச் சூடாக்கி, திறக்குதோ பாருங்கோ.

கிண்ணியா

டைமிங், அதான் பிளக்கில பொறி அடிக்கிற நேரம், யாரும் பாக்கல்லயே. 92 பெற்றோல் அடிச்சு, ஏத்தத்தில டக்டக் எண்டு தட்டுது எண்டு கராஜில டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுறது வழமை. தட்டல் நிக்கும், ஆனா பெற்றோல் பிந்தி எரிஞ்சு சூடு ஹெட்டுக்குள்ள போகும்.

முதல்ல, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கிற டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பொயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். பிறகு டிஸ்ரிபியூட்டருக்கு வாற மெல்லிய வயரின்ட முனைக்கும் பொடிக்கும் இடையில 12 வோல்ட் பல்ப் ஒண்டு. இக்னிஷன் போட்டு எஞ்சினைக் கையால சுத்தக்குள்ள, பல்ப் பத்துற அந்த நேரம் புல்லி வெட்டு எங்க நிக்குது எண்டு பாருங்க. டைமிங் கவரில மூண்டு முள்ளு இருக்கும்: நீளமானது டிடிசி (பிஸ்ரன் உச்சியில நிக்கிற இடம்), மற்றது அதுக்கு 5, 10 பாகை முன்னுக்கு.

உவர்மலை

நீள முள்ளும் தாண்டித்தான் பல்ப் பத்துது, நானா.

கிண்ணியா

அதுவும் பிழைதான். கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ரிபியூட்டரை மணிக்கூடு சுத்துற பக்கம் மெதுவாத் திருப்புங்க. 5 முள்ளுக்குக் கிட்ட வெச்சு இறுக்கி, ஒரு ஏத்தத்தில மூண்டாம் கியர்ல மிதிச்சுப் பாருங்க. தட்டினா ஒரு மயிரளவு பின்னுக்கு. 95 அடிச்சா இன்னும் நல்லம். டிஸ்ரிபியூட்டருக்குப் போற வக்கியூம் குழாயை வாயால உறிஞ்சியும் பாருங்க, பொயிண்ட் தட்டு அசையணும். அசையாட்டி உள்ளுக்க தோல் கிழிஞ்சிட்டு.

உவர்மலை

சேறு அரை வாளி வந்துது. இனி என்ன தண்ணி ஊத்துறது?

நிலாவெளி

கிணத்துத் தண்ணி வேண்டாம், எங்கட பக்கத்துக் கிணறுகள்ல சுண்ணாம்பு கூட. பெற்றறித் தண்ணி (காய்ச்சி வடிச்சது, அசிட் இல்லை) மூண்டரை லீற்றர், பச்சைக் கூலன்ட் ஒண்டரை லீற்றர். கூலன்ட் இங்க குளிருக்கில்லை, துருவுக்கு. ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்துங்கோ. முதல் நூறு கிலோமீற்றர் ஓடி ஆறவிட்டு ஹோஸ் கிளிப்புகளை ஒருக்கா இறுக்குங்கோ. திரும்பவும் நிறம் மாறினா இன்னொருக்கா கழுவவேணும், ஒரு தரத்தோட முடியாது.

டாஷ்போர்ட்டில ரெம்பரேச்சர் மீற்றர் இல்லாத கார் எண்டபடியா, தூரத்தில பிடிச்சு அளக்கிற இன்ஃப்ராரெட் தேமோமீற்றர் ஒண்டு வைச்சிருங்கோ. கந்தளாயால வரேக்க நிப்பாட்டின உடன தேமோஸ்ராற் மூடியில பிடியுங்கோ. 80க்கும் 95க்கும் இடையில எண்டால் ஓடலாம். 100 தாண்டினா அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் மூடியைத் தொடவேணும், அதுவும் துணி போட்டு, முதல் தட்டில நிப்பாட்டி ஆவி போகவிட்டு.