சோக்கைத் திறந்ததும் புல் வெட்டும் இயந்திரம் நின்றுவிடுகிறது: கோளாறு கார்புரேட்டரிலா, பெட்ரோலிலா?

உதகைத் திடல்:
வணக்கம். உதகைக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளித் திடலும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. எங்களிடம் இருப்பது கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் புல் வெட்டும் இயந்திரம். 163 சிசி, நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். ஜூனில் மழை பிடித்ததும் கொட்டகைக்குள் போனது. டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. இப்போது வெயில் வந்துவிட்டது, புல் குழந்தைகளின் முழங்கால் வரை வளர்ந்து நிற்கிறது, பந்து விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சோக்கை, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடியை, முழுதாக மூடினால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. மெல்லத் திறந்தால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் நின்றுவிடுகிறது. பாதி சோக்கில் ஓடினாலும், அடர்ந்த புல்லுக்குள் தள்ளிய உடனே அணைந்துவிடுகிறது. பட்டறையில் காட்டினோம். பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, கார்புரேட்டரும் புதிதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை பள்ளிக்குப் பெரிய சுமை. மாற்றுவதற்கு முன்னால் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

சின்ன எஞ்சின்:
இது இ20 பெட்ரோலின் வேலை, டீச்சர். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. எடைக் கணக்கில், வெறும் பெட்ரோல் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. இ20-க்கு ஏறத்தாழ 13.5 போதும். அதாவது அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையோ மாறாதது. அதனால் எரிபொருள் போதாமல் போகிறது. சோக்கை மூடினால் காற்று குறைந்து கணக்கு சரியாகிறது, எஞ்சின் ஓடுகிறது. பெரிய துளையுள்ள ஜெட் போட்டால் தீர்ந்துவிடும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
டீச்சர், முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்குச் சோக் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்ற வேறுபாடு இப்படித் தெரியாது. கயிறு இழுக்கும்போது கை கனமாக உணர்ந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இருக்கிறது என்று பொருள். நீலப் புகையும் இல்லையென்றால் பிஸ்டனை மறந்துவிடுங்கள்.

சத்தம் ஏறி இறங்குவதுதான் இங்கே பெரிய தடயம். இந்த எஞ்சினில் வேகத்தைக் கட்டிக்காக்க கவர்னர் இருக்கிறது. எரிபொருள் போதாமல் வேகம் குறைந்ததும் கவர்னர் திராட்டிலை, அதாவது எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை, திறக்கிறது. திறந்ததும் அதிக வேலைக்கான மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்து வேகம் ஏறுகிறது. ஏறியதும் கவர்னர் மூடுகிறது. மூடியதும், திராட்டில் மூடிய நிலையில் பெட்ரோல் தரும் சிறிய பைலட் ஜெட்டை நம்ப வேண்டும். அது அடைத்திருப்பதால் மறுபடி வேகம் விழுகிறது. உங்களுக்கு அடர்ந்த புல்லிலும் நிற்கிறது என்பதால் மெயின் ஜெட்டிலும் பாதி அடைப்பு இருக்கலாம்.

சின்ன எஞ்சின் தம்பி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் உதகைக்கு அது பொருந்தாது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு ஜெட் வைத்த கார்புரேட்டர் மலையில் பெட்ரோலை அதிகமாகத்தான் ஊற்றும். எத்தனாலால் வரும் பற்றாக்குறையைவிட மலையால் வரும் மிகுதி பெரியது. அப்படியிருந்தும் பெட்ரோல் போதவில்லை என்றால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பெரிய ஜெட் போட்டால் நோய் அப்படியே இருக்கும், அடைப்பு எடுத்தபின் கரும்புகை தள்ளும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சின் தற்செயலாக ஓடிவிடாமல் இருக்க, ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். கத்தி சுழலும் இயந்திரத்தில் இதைத் தவறவே விடக் கூடாது. வெளிக்காற்றில், அடுப்பும் பீடியும் அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். டேங்க்கின் குழாயை மூடி, கார்புரேட்டரில் சேரும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். பிறகு டேங்க்குக் குழாயைத் திறங்கள். பெட்ரோல் அறுந்து அறுந்து சொட்டாமல் இழையாக ஓட வேண்டும். பாட்டிலை ஆட்டாமல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அடியில் தனி அடுக்கு தெரிகிறதா, முகர்ந்தால் வார்னிஷ் வாடை வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

உதகைத் திடல்:
எங்கள் தோட்டக்கார அண்ணனோடு சேர்ந்து பார்த்தேன். பெட்ரோல் இழையாக ஓடியது. ஆனால் பாட்டிலின் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு வேறு நிறத்தில் ஓர் அடுக்கு தங்கிவிட்டது. குலுக்கினால் கலங்குகிறது, மறுபடி பிரிந்து நிற்கிறது. வாடை பெயின்ட் கடையில் வருவது போல இருக்கிறது. கொட்டகைக் கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழேதான் இயந்திரம் நின்றது.

மேட்டுப்பாளையம் பட்டறை:
போதும், பாதி விடை வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரளவு வரைதான் பெட்ரோலோடு கலந்து நிற்கும். அளவு மீறினாலும், குளிர் கூடினாலும், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டேங்க்கின் வாயும் அடியில்தானே இருக்கிறது. கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர் அடுக்குதான். மேலே நிற்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து தரம் கெட்டுவிட்டது. வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முழுவதையும் எடுத்து மூடிய கேனில் வைத்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். உங்கள் ஊர் ஓடைகள் கீழே பலருக்குக் குடிநீர். சாக்கடையில்கூட ஊற்றக் கூடாது.

இப்போது கார்புரேட்டர். அடியில் உள்ள கிண்ணத்தை ஒரே போல்ட் பிடித்திருக்கும். கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடியோ, பச்சைக் கறையோ, பழுப்புப் பசையோ இருக்கும். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவையின் ஊசியைக் கைவிரலால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒட்டக் கூடாது. பித்தளை மெயின் ஜெட்டையும், அதற்கு மேலே பக்கவாட்டில் சிறு துளைகள் உள்ள குழாயையும் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பைலட் ஜெட் பெரும்பாலும் மேலே, திராட்டில் திருகுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அடைப்பு அதிகம் அங்கேதான், பலர் அதைத் தொடாமலே மூடிவிடுகிறார்கள். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். மின்வயரில் ஒரு செப்பு இழையை உருவிக் குத்தலாம். குண்டூசி வேண்டாம், இரும்புக் கம்பி வேண்டாம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் ஜெட் வீண். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஸ்பிரே அடிக்காதீர்கள், எதிர்த் துளையில் பீய்ச்சி நேரே கண்ணுக்கு வரும்.

வால்பாறை எஸ்டேட்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடியைப் பார்ப்பதற்காக இயந்திரத்தைச் சாய்த்தால் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாயுங்கள். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும், பிறகு புகையாகத் தள்ளும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள கேஸ்கெட்டுகளைக் கிழியாமல் எடுங்கள், எந்தப் பக்கம் எது இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று புகுந்தாலும் இதே ஏறி இறங்கும் சத்தம்தான் வரும். எங்கள் தேயிலைக் கத்தரி இயந்திரங்களில் இப்படி எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

உதகைத் திடல்:
பைலட் ஜெட்தான்! வெளிச்சமே தெரியவில்லை, முழுதாக அடைத்திருந்தது. மெயின் ஜெட்டில் பாதி வட்டம். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி. அனைத்தையும் சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றினோம். சோக் இல்லாமல் சீராக ஓடுகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் புதிதாக ஒன்று. கால் மணி நேரம் போல நன்றாக வெட்டிவிட்டு, மெல்லத் தளர்ந்து நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்து இழுத்தால் மறுபடி ஓடுகிறது.

சின்ன எஞ்சின்:
உயரத்தைப் பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. இப்போது நிற்பதற்கு டேங்க் மூடியைப் பாருங்கள், டீச்சர். மூடியில் காற்று நுழையச் சிறு வழி இருக்கும். அது அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். அடுத்த முறை தளரும்போது எஞ்சினை நிறுத்தி மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று இழுத்து, பிறகு உடனே ஓடினால் அதுதான் கோளாறு. மூடியைத் திறந்துவைத்தே வெட்ட வேண்டாம், சூடான சைலன்ஸரில் பெட்ரோல் தெறிக்கும்.

உதகைத் திடல்:
உஸ் என்றது! மூடிக்குள் புல்தூசியும் பசையும் சேர்ந்திருந்தன. கழுவி, ஊதிப் பார்த்து மாட்டினோம். திடல் முழுவதும் வெட்டி முடித்தாகிவிட்டது. அடுத்த மழைக்கு என்ன செய்து வைக்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் பட்டறை:
மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டேங்க்கை வடித்துவிட்டு, குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் தேவையான அளவு பெட்ரோல் மட்டும் வாங்கினால் போதும். கூரை ஒழுகாத மூலைக்கு இயந்திரத்தை மாற்றுங்கள். பெட்ரோல் குழாய் பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் எத்தனால் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இதை இன்றே பாருங்கள். ஆயில் அளவுக்கோலை உருவி முகருங்கள். மிதவை ஊசி சரியாக மூடாமல் ஒட்டியிருந்தால், பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கலாம். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயில் மட்டம் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தாலோ, ஓட்டாமல் மாற்றிவிடுங்கள். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் அப்போதுதான் உண்மையிலேயே பிஸ்டன் செலவு வரும்.

உதகைத் திடல்:
வாடை இருக்கிறது, மட்டமும் சற்று மேலே. 10டபிள்யூ-30 ஆயில் போடலாமா?

மேட்டுப்பாளையம் பட்டறை:
போடலாம், டீச்சர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில் என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது பழையதை வடித்துவிட்டு, அளவுக்கோலின் மேல்கோடு வரை ஊற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம்.